எண்ணெயும் வேலும்

கி.மு. 480ஆம் ஆண்டில் பாரசீகப் பேரரசன் செர்க்ஸசின் பெரும்படை கிரேக்க நாட்டின் தெர்மோப்பிலே என்னும் கணவாயை அடைந்தது. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அக்குறுகிய வழியை ஸ்பார்த்தா நாட்டு வீரர்களும் அவர்தம் துணைப்படையினரும் காத்து நின்றனர். எதிரிகள் எத்தனை பேர், என்ன செய்கின்றனர் என்பதை அறிந்துவர மன்னன் ஒரு குதிரை வீரனை அனுப்பினான். அவ்வொற்றன் கொண்டுவந்த செய்தி மன்னனுக்கு நகைப்பை விளைவித்தது. சிலர் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தனர். வேறு சிலர் தம் நீண்ட தலைமயிரை வாரிக்கொண்டிருந்தனர். சாவு எதிரே வந்து நிற்கும்போது தலை வாருகிறவனை அறிவுடையவன் என்று யார் கருதுவார்? நாடிழந்து பாரசீகர் அவையில் தங்கியிருந்த ஸ்பார்த்தாவின் முன்னாள் மன்னன் தெமராத்தஸ் மட்டும் நகைக்கவில்லை. உயிரைப் பணயம் வைக்கப் போகும் வேளையில் தலையைச் சீர்செய்துகொள்வது தம் நாட்டார் வழக்கம் என்று அவன் விளக்கினான். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இந்நிகழ்ச்சியைத் தம் நூலில் பதிந்து வைத்துள்ளார்.

செர்க்ஸசின் நகைப்பில் ஒரு வினா அடங்கியிருக்கிறது. நாளை மண்ணில் சாயப்போகும் உடலுக்கு இன்று எதற்குச் சீப்பு? இவ்வினாவைச் சற்று நீட்டினால், போர்க்களத்தில் இருப்பவனுக்குச் சவர்க்காரமும் சவரக்கத்தியும் பற்பசையும் துவாலையும் மூட்டை கட்டி அனுப்புகிறவர்களையும் அது தொடும். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொட்டு இந்நூற்றாண்டின் ஈராக்கியப் போர் வரை இத்தகைய மூட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. போர் பற்றிய நூல்களில் பீரங்கிக்குக் கிடைக்கும் இடம் சவர்க்காரத்துக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு படைவீரனின் பணிக்காலத்தில் அவன் துப்பாக்கியால் சுட்ட நாள்களைக் காட்டிலும் முகத்தை மழித்துக்கொண்ட நாள்களே மிகுதி. அவ்வன்றாடச் செயல் யாருக்கு உரியது? படைக்கா, அவனுக்கா? அதற்கு வேண்டிய பொருளை வீட்டிலிருந்து அனுப்புகிறவர் எதை அனுப்புகிறார்? அன்பையா, போருக்குத் தம் ஒப்புதலையா?

தமிழாசிரியர்களுக்கு இது புதிய வினா அன்று. புதிதாகத் தோன்றுமாயின், நன்கு பழகிவிட்ட ஒரு பாடலை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்று 279ஆம் பாடல் வகுப்பறைகளில் பன்முறை நடத்தப்பட்டு, தேர்வுத்தாள்களில் பன்முறை கேட்கப்பட்டு, மேடைகளில் பன்முறை முழங்கப்பட்டதாகும். முன்னொரு நாள் நடந்த போரில் அப்பெண்ணின் பிறந்த வீட்டு ஆண்மகன் யானையை வீழ்த்தித் தானும் மடிந்தான். (அவன் அவளுக்குத் தந்தையா தமையனா என்பதில் உரை கூறுவோரிடையே இருவேறு கருத்து உண்டு.) நேற்று நடந்த போரில் கணவன் ஆநிரைக்காகப் போரிட்டு வீழ்ந்தான். இன்றும் பறை முழங்குகிறது. வீட்டில் எஞ்சியிருப்பவன் ஒரே மகன். அவனை அழைத்துப் போருக்கு அனுப்புகிறாள்.

மாணவர்கள் இதற்கு எழுதும் விடை பெரும்பாலும் ‘வீரத்தாய்’ என்ற ஒரு சொல்லில் தொடங்கி அச்சொல்லிலேயே முடியும். அதில் தவறில்லை, ஆனால் அவ்விடையில் ஒரு பொருள் விடுபட்டுப் போகிறது. அத்தாய் மகனுக்கு மூன்று செய்கிறாள். கையில் வேலைக் கொடுக்கிறாள். வெள்ளாடையை விரித்து உடுத்துகிறாள். பறட்டையாய்க் கிடந்த குடுமியில் எண்ணெய் தடவி நீவிவிடுகிறாள். பாடலில் இச்செயல்கள் வரும் வரிசையும் இதுவே. வேல் முதலில் வருகிறது. எண்ணெய் கடைசியில் வருகிறது. எண்ணெய் தடவியதால் வேலின் கூர்மை மிகப்போவதில்லை. பகைவனின் அம்பு விலகிப் போகப்போவதும் இல்லை. போருக்கு அது சற்றும் வேண்டாத செயல். ஆயினும் அவனை அனுப்புமுன் அவள் கை கடைசியாகச் செய்தது அதுதான்.

வேலைக் கொடுத்த கை நாட்டுக்கு உரியது, எண்ணெய் தடவிய கை தாய்மைக்கு உரியது என்று இரண்டாகப் பிரித்துப் பேசிவிடுவது எளிது. ஆனால் கை ஒன்றே. அந்த ஒருமைதான் இப்பாடலைத் தாங்க முடியாததாக்குகிறது. புலவரே அவளுடைய துணிவின் கடுமையைக் கண்டு நடுங்கியபடிதான் பாடலைத் தொடங்குகிறார். அந்நடுக்கம் பாடக்குறிப்புகளில் அருகியே இடம்பெறுகிறது.

இனி, படைத்துறையின் பக்கம் நின்று இதே செயலை நோக்க வேண்டும். அரசுகள் வீரனின் உடல் தூய்மையில் அக்கறை கொண்டதற்கு முதற்காரணம் அன்பு அன்று, கணக்கு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் குண்டுபட்டு இறந்தவர்கள் அல்லர். வயிற்றுக்கடுப்பு, டைபாய்டு முதலிய நோய்களுக்கு இரையானவர்கள். டைபஸ் என்னும் கொடிய காய்ச்சல் உடுப்பில் வாழும் சீலைப்பேனால் பரவுகிறது என்பதை, துனிஸ் நகரில் ஆய்வு நடத்திய பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோல் 1909இல் கண்டறிந்தார். அதற்காக அவருக்கு 1928இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் கண்டறிந்த பிறகும், முதல் உலகப் போரின்போதும் அதனை அடுத்த ஆண்டுகளிலும், கிழக்கு ஐரோப்பாவில் அக்காய்ச்சல் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. மேற்கு முனையில் பதுங்குகுழிகளில் கிடந்தவர்கள் சட்டையைக் கழற்றி, தையல் ஓரங்களில் மெழுகுவத்திச் சுடரைக் காட்டிப் பேன்களைப் பொசுக்கினர். 1915ஆம் ஆண்டு ஏப்ரலில் பெல்ஜிய நாட்டின் ஈப்பர் நகருக்கருகே செருமானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட பின்னர் நச்சுப்புகை முகமூடி ஒவ்வொரு வீரனுக்கும் இன்றியமையாததாயிற்று. அடர்ந்த தாடி முகமூடியைத் தோலோடு ஒட்டவிடாது; இடைவெளியில் நஞ்சு புகும். ஆகவே ‘முகத்தை மழித்துக்கொள்’ என்னும் கட்டளைக்கு உயிர்காக்கும் நோக்கமும் உண்டு என்பதை மறுத்தல் ஆகாது.

எல்லாக் கட்டளைகளுக்கும் அத்தகைய நியாயம் இருந்தது என்று கூறவும் இயலாது. பிரிட்டிஷ் தரைப்படையில் தாடையையும் கீழுதட்டின் கீழ்ப்புறத்தையும் மழிக்க வேண்டும், மேலுதட்டை மழிக்கக் கூடாது என்றொரு விதி இருந்தது. மீசை இன்னும் அரும்பாத இளைஞர்களும் போரில் சேர்ந்து மடிந்துகொண்டிருந்த காலத்தில் இவ்விதி ஏட்டில் உயிரோடிருந்தது. 1916 அக்டோபரில் அதனை நீக்கும் ஆணையில் கையொப்பமிட்ட தளபதி நெவில் மெக்ரெடிக்குத் தம் மீசையே பிடிக்காது. ஆணை பிறந்ததும் அதனை எடுத்துவிட்டார். அதே படை 2024 மார்ச்சில் தாடி வளர்க்கவும் இடமளித்தது. அமெரிக்கத் தரைப்படையோ, சீக்கிய வீரர்கள் தலைப்பாகையோடும் தாடியோடும் பணியாற்றுவதற்கான வழியை 2017இல்தான் எளிதாக்கியது. இரண்டு உலகப் போர்களிலும் அதே தாடியோடும் தலைப்பாகையோடும் சீக்கியர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையில் போரிட்டனர் என்பதை நினைக்கும்போது, வீரனின் மோவாய் அவனுக்கு எவ்வளவு சொந்தம், அரசுக்கு எவ்வளவு சொந்தம் என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை என்பது புலனாகும்.

சிங்கப்பூர் மாணவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 1967இல் நடைமுறைக்கு வந்த தேசிய சேவையின்படி படையில் சேரும் இளைஞன் தெக்கோங் தீவில் கால்வைத்ததும் இழப்பது தலைமயிரை. அதைப் பற்றிய கேலிப் பேச்சு அவனுக்கு முன்னரே போய்வந்த அண்ணன்மாரிடமிருந்து கிடைத்துவிடுகிறது. பெற்றோர் பார்த்துப் பார்த்து அடுக்கிக் கொடுத்த பையில் சவர்க்காரமும் பற்பசையும் முகமாவும் பயன்படும். சீப்பு மட்டும் சில வாரங்களுக்குப் பையின் அடியிலேயே கிடக்கும். எல்லாத் தலைகளும் ஒன்றுபோல் ஆவதில் ஒரு சமத்துவம் இருக்கிறது. செல்வன் மகனும் வறியவன் மகனும் அங்கே வேறுபடுவதில்லை. அதே செயல், ஒருவன் இடத்தில் இன்னொருவனை எளிதில் நிறுத்தலாம் என்னும் படைத்துறைத் தேவைக்கும் துணைசெய்கிறது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

வீரனுக்குத் தனிப்பட்ட முறையில் பொருள் அனுப்பும் வழக்கத்துக்கு வருவோமாயின், அமெரிக்க உள்நாட்டுப் போரே நல்ல தொடக்கம். 1861இல் அமைக்கப்பட்ட அமெரிக்கச் சுகாதார ஆணையத்தின் பின்னால் வட மாநிலங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அவர்கள் தைத்து அனுப்பிய சிறு துணிப்பைகளில் சீப்பு, சவர்க்காரம், ஊசி, நூல், எழுதுதாள் முதலியன இருந்தன. சில பைகளுக்குள் அனுப்பியவள் தன் பெயரையும் இரண்டு வரி வாழ்த்தையும் எழுதி வைத்திருப்பாள். படையின் பண்டகசாலையிலிருந்து வரும் சவர்க்காரமும் சவர்க்காரமே. ஆனால் இதனைப் பெறுகிறவனுக்குத் தன்னை அறியாத ஒருத்தி தன்னைப் பற்றி நினைத்திருக்கிறாள் என்ற செய்தியும் சேர்ந்து கிடைத்தது.

1914ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குப் பிரிட்டிஷ் மன்னரின் பதினேழு வயது மகள் இளவரசி மேரியின் பெயரால் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டு, போர்முனை வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டிகள் அனுப்பப்பட்டன. புகைப்பவர்களுக்குச் சிகரெட்டும் குழாயும். புகைக்காதவர்களுக்கு வேறு பொருள்கள். அப்போது பிரான்சில் போரிட்டுக்கொண்டிருந்த இந்தியப் படையினரையும் அத்திட்டம் மறக்கவில்லை. புகையிலையைத் தொடாத சீக்கியர்களுக்குக் கற்கண்டும் மசாலாப் பொருள்களும் வைக்கப்பட்டன. படைக்குத் தண்ணீர் சுமந்த பிஸ்திகளுக்கும் மசாலாப் பெட்டி தரப்பட்டது. இவ்வளவு நுணுக்கமாக ஒருவனின் நாக்கையும் நம்பிக்கையையும் நினைவில் வைத்த அரசு, அதே இந்தியனுக்கு ஆங்கில அதிகாரிக்கு நிகரான மன்னர் ஆணைப் பதவியை 1917 வரை வழங்கவில்லை. கொடையின் நுணுக்கம் வேறு, நீதி வேறு என்பதற்கு அந்தப் பித்தளைப் பெட்டி நல்ல சான்று.

வணிகமும் இம்மூட்டைக்குள் விரைவாகவே நுழைந்துகொண்டது. கிங் கேம்ப் கில்லெட் என்பவர் தேய்ந்ததும் எறிந்துவிடும் பிளேடு பொருத்திய சவரக்கருவியை விற்கத் தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விற்றவை 51 கருவிகளே. 1918இல் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக அந்நிறுவனத்திடம் 35 இலட்சம் கருவிகளையும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பியவன் கருவியையும் கொண்டுபோனான். பிளேடை வாழ்நாள் முழுதும் கடையில் வாங்கினான். சவரத்துக்கு நாவிதர் கடைக்குச் சென்றுகொண்டிருந்த ஆடவர் வீட்டிலேயே நாள்தோறும் மழித்துக்கொள்ளும் பழக்கம் பரவுவதற்குப் போர் இவ்வாறு துணையாயிற்று. ஆயினும் பதுங்குகுழியில், குடிக்கும் நீரே அரிதாக இருந்த இடத்தில், மிஞ்சிய தேநீரைத் தொட்டு முகத்தை மழித்த வீரனை நிறுவனத்தின் கணக்கேடு விளக்கிவிடாது. கட்டளைக்காக அவன் மழித்திருக்கலாம். கட்டளை பார்க்காத வேளையிலும் மழித்தவர்கள் இருந்தனர்.

2003இல் ஈராக்குக்கு அனுப்பப்பட்ட அமெரிக்க வீரர்கள் பாலைநிலப் புழுதியில் பல நாள் குளிக்க வழியின்றி இருந்தனர். வீட்டாரிடம் அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது குழந்தைகளைத் துடைக்கப் பயன்படும் ஈரத்தாள். பாதங்களுக்கு இடும் தூள், உதட்டுக்குப் பூசும் களிம்பு, சவரக்கத்தி, காலுறை முதலியனவும் அப்பட்டியலில் இருந்தன. கொல்லும் பயிற்சி பெற்ற ஓர் ஆண்மகன் தாய்க்கு எழுதும் கடிதத்தில் குழந்தைக்குரிய பொருளைக் கேட்டான் என்பதில் நகைப்புக்கு இடமில்லை. உடல் தன் தேவையைச் சொல்லும்போது பதவியையும் சீருடையையும் பார்ப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகளும் தேவாலயச் சபையினரும் தாம் அறியாத வீரர்களுக்கும் இப்பொருள்களைத் திரட்டி அனுப்பினர். அதற்கு முன்னர், பெயர் குறிக்காமல் ‘எவரேனும் ஒரு படைவீரருக்கு’ என்று முகவரியிட்டு அஞ்சல் அனுப்பும் வழக்கமும் அந்நாட்டில் இருந்தது. அஞ்சல்வழியே ஆந்த்ராக்ஸ் நுண்மம் அனுப்பப்பட்ட 2001ஆம் ஆண்டில் பாதுகாப்புத் துறை அவ்வழக்கத்தை நிறுத்தியது. எவருக்கேனும் என்று அனுப்பிய பொருளில் அன்பு இருக்க முடியுமா என்று ஐயுறலாம். பைக்குள் வாழ்த்து எழுதி வைத்த பழைய பெண்மணிக்கும் வீரனின் பெயர் தெரியாது. பெயர் தெரியாவிட்டாலும், பெயருள்ள ஒருவன் அதை எடுத்துப் பிரிப்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

இங்கேதான் உண்மையான தடை எழுகிறது. ஈராக்கியப் போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் பின்னர்க் கண்டெடுக்கப்படவில்லை. 2003 பிப்ரவரியில், போர் தொடங்குமுன்பே, உலகின் பல நகரங்களில் மக்கள் பெருந்திரளாகக் கூடி அதனை எதிர்த்தனர். அவ்வாறு எதிர்த்த ஒருவர், போருக்குப் போன பக்கத்து வீட்டு இளைஞனுக்குச் சவர்க்காரம் அனுப்பலாமா? அனுப்பினால் போர்ப்பொறிக்கு எண்ணெய் இட்டவர் ஆகாரா? தூய்மையாகவும் மனநிறைவோடும் இருக்கும் வீரன் நன்றாகப் போரிடுவான் என்று படைத்துறையே கூறுகிறது. அப்படியானால் அனுப்பப்படும் ஒவ்வொரு கட்டியும் போரின் கணக்கில் வரவு வைக்கப்படும் அல்லவா?

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை, போரை முடிவுசெய்தவன் வீரன் அல்லன், ஆகவே அவன்மேல் பழியில்லை என்பது. இவ்விடை கனிவானது, ஆனால் போதாதது. கட்டளைப்படி செய்தேன் என்பது மட்டுமே ஒருவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்ற நெறி 1945, 1946 ஆண்டுகளில் நடந்த நூரம்பர்க் விசாரணையில் நிலைநாட்டப்பட்டது. வீரனைப் பழியே சேராத கருவியாக்கிவிட்டால், அவனுக்கு மனச்சான்று இல்லை என்று சொன்னதாகும். கருவிக்குத் துரு ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு வாழ்த்துமடல் வேண்டியதில்லை.

சரியான விடை இதற்கு மறுபுறத்தில் இருக்கிறது. சவர்க்காரம் அனுப்புகிறவர் வீரனை மனிதனாக மதிப்பதால்தான் அனுப்புகிறார். அவனை மனிதனாக மதித்துவிட்டால், ‘அங்கே என்ன செய்கிறாய்’ என்று அவனைக் கேட்கும் உரிமையும் கடமையும் அம்மதிப்போடு கூடவே வந்துவிடுகின்றன. அவனை அங்கே அனுப்பியவர்களைக் கேட்கும் கடமையும் வருகிறது. இரண்டையும் ஒருசேரச் செய்கிறவர்களைக் காண்பதுதான் அரிது. மூட்டையை அனுப்பியதோடு தம் கடன் தீர்ந்தது என்று உறங்கச் செல்வோர் பலர். போர் தீது என்று முழங்குவோருள் சிலர், அதில் சிக்கிய இளைஞனின் புழுதி படிந்த முகத்தைத் திரும்பியும் பாராதவர்கள். மூட்டை வினாவுக்கு மாற்றாக அமையும்போதுதான் அது போருக்கு ஒப்புதலாகிறது. வினாவோடு செல்லும் மூட்டைக்கு அப்பழி இல்லை.

இக்கருத்துக்கு ஒரு கடினமான சோதனை உண்டு. இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யூதர். ‘இவன் மனிதனா என்றால்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவ்வாழ்க்கையை நூலாக எழுதினார். முகாமின் கழுவுமிடச் சுவர்களில் தூய்மையை வலியுறுத்தும் ஓவியங்களும் வாசகங்களும் தீட்டப்பட்டிருந்ததாக அவர் குறிப்பிடுகிறார். நன்றாகக் கழுவும் நல்ல கைதி ஒருபுறம். தொப்பியைக்கூடக் கழற்றாமல் விரலை நனைக்கும் தீய கைதி மறுபுறம். பேன் சாவைத் தரும் என்ற எச்சரிக்கையும் உண்டு. சாவையே தொழிலாக நடத்தியவர்கள் அதை எழுதி வைத்தார்கள். நீரால் அமையும் புறத்தூய்மையையும் வாய்மையால் விளங்கும் அகத்தூய்மையையும் வள்ளுவர் பிரித்துக் காட்டியது இத்தகையோரை எண்ணித்தானோ என்று தோன்றும்.

ஒரு வாரத்துக்குள்ளாகவே லெவிக்குக் கழுவிக்கொள்ளும் எண்ணம் அற்றுப்போயிற்று. அழுக்கு நீர், சவர்க்காரம் இல்லை, துடைக்கத் துணியில்லை, கழுவிய அரைமணி நேரத்தில் நிலக்கரி மூட்டை சுமக்க வேண்டும். எஞ்சிய சிறு வலிமையை இதில் ஏன் வீணாக்க வேண்டும்? அப்போது ஸ்டைன்லாவ்ஃப் என்னும் கைதி, அகவை ஐம்பதை நெருங்கியவர், அதே அழுக்கு நீரில் கழுத்தையும் தோளையும் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆஸ்திரிய-அங்கேரியப் படையில் பணியாற்றிய முன்னாள் சார்ஜென்ட். முதல் உலகப் போரில் இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். தம்மை விலங்காக்குவதே முகாமின் நோக்கம். அதற்கு இணங்க மறுப்பது ஒன்றே தம்மிடம் எஞ்சியுள்ள ஆற்றல். ஆகவே சவர்க்காரம் இல்லாவிட்டாலும் கழுவ வேண்டும், விதி சொல்கிறது என்பதற்காக அல்லாமல் தம் மானத்துக்காகக் காலணியைத் துடைக்க வேண்டும் என்பது அவர் லெவிக்குச் சொன்னதன் சாரம்.

சுவரும் ‘கழுவு’ என்றது. ஸ்டைன்லாவ்ஃபும் ‘கழுவு’ என்றார். சொல் ஒன்றே. பாசறையில் இளமையில் கற்ற ஒழுங்கை, தமக்குக் கட்டளையிட எந்தப் படையும் இல்லாத இடத்தில், அம்முதியவர் தமதாக்கிக்கொண்டார். அன்றாடப் படைவாழ்க்கை ஒருவனுக்குத் தரும் பயிற்சி இவ்வாறு அவனுடைய சொத்தாகவும் மாற முடியும். லெவி அதை முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்வதற்கில்லை. பிறர் வகுத்த ஒழுங்குமுறையை அப்படியே விழுங்குவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. அத்தயக்கத்தையும் அவர் மறைக்காமல் எழுதினார். மாணவர்களுக்கு இந்தப் பகுதியைக் கற்பிக்கிறவர்கள் முதியவரின் உரையோடு நிறுத்திவிடாமல், லெவியின் தயக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலாயாத் தமிழர்க்கு இதன் மறுபக்கம் வேறொரு வடிவில் தெரியும். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதை 1942இல் தொடங்கப்பெற்று 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஐரோப்பாவில் சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவுப் பெட்டியில் ஒரு சவர்க்காரக் கட்டியும் இருந்தது. சயாம் காட்டுக்கோ அத்தகைய பெட்டிகள் மிகச் சிலவே வந்துசேர்ந்தன. ஆயினும் கைதிகளிடையே மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். உண்ணும் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுத்த பின்னரே சோறு வாங்க வேண்டும். கழிப்பிடத்தை மூடிவைக்க வேண்டும் என்ற கட்டளைகளை அவர்கள் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினர். 1943இல் வாந்திபேதி பரவியபோது அக்கட்டளைகள் பல உயிர்களைக் காத்தன. படையின் ஒழுங்கு மனிதனின் முகத்தை அழிக்கிறது என்று மட்டும் பேசுகிறவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

அதே பாதையில், அதே மழையில், தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களும், மலாய்க்காரர்களும் சீனர்களும் பர்மியர்களும் ஜாவாக்காரர்களும் உழைத்தனர். அவர்கள் தொகை கைதிகளின் தொகையைப் போல் பல மடங்கு. அவர்களுக்குப் படையும் இல்லை. பதவி வரிசையும் இல்லை. தட்டைக் கொதிநீரில் முக்கு என்று சொல்ல ஒருவரும் பெரும்பாலான முகாம்களில் இல்லை. 1943இல் சிங்கப்பூரிலிருந்து கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் சிலர் அம்முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது, நோய் ஏற்கெனவே தன் வேலையை நடத்திக்கொண்டிருந்தது. இறந்தவர்கள் பல்லாயிரவர். முழுமையான கணக்கை எவரும் எடுத்து வைக்கவில்லை. காஞ்சனபுரி போர்க்கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் வீரர்களின் கல்லறைகள் உள்ளன. ஒவ்வொருவராகப் பெயர் பொறித்த தகடுகள். பலவற்றில் குடும்பத்தார் தேர்ந்து கொடுத்த சொற்களும் உண்டு. தோட்டத்துத் தமிழர்க்கு அவ்வாறு தனித்தனியே பெயர் சொல்லும் தகடுகள் இல்லை.

அவர்கள் வீரர்கள் அல்லர். ஆகவே எந்த இளவரசியின் பெட்டியும் அவர்களுக்கு வருவதற்கில்லை. மூன்று மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற உறுதிமொழியோடு பலர் அழைத்துச் செல்லப்பட்டனர். லயத்து வீட்டு வாசலில் நின்ற தாய்மார்களுள், புறப்படுகிற மகனின் தலையில் எண்ணெய் தடவி அனுப்ப நேரம் கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று கூற இயலாது. அவன் போகும் இடத்தின் பெயர் அவர்களுள் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.